அறுபதடிக் கம்பம்

பூவாணிக்காடு
12-11-1983

பிள்ளையார் துணை.

தம்பி செல்லத்துரைக்கு அக்கா நீலாயதாட்சி எழுதுவது. நானும் உன் அத்தானும் சாமி தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கண்டியில் குளிர் எப்படி, உன் நெஞ்சுச் சளி கரைந்ததா, தனி ஆளாய் என்ன பொங்கிச் சாப்பிடுகிறாய் என்று எழுது.

நீ ஆவணியில் போட்ட கடிதம் இன்னும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஆடி மாதக் கலவரத்தில் கொழும்புக் கடை எரிந்தது எரிந்ததாகவே இருக்கட்டும். நீயும் என் பிள்ளை குஞ்சிதபாதமும் தப்பியதே போதும். குஞ்சு சிங்கள சிநேகிதர் வீட்டில் தங்கியிருக்கிறான், அவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதென்று தமிழில் விலாசம் எழுதித் தபாலில் போடுவதில்லை, ஆனால் வியாழன்தோறும் மாலை ஆறரைக்கு டிவியில் பக்திப் பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்கிறான் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் அவன் தட்டித் தட்டி என் அரிசிப் பானையில் ஓட்டை போட்டது வீண்போகவில்லை.

நாங்கள் மாசியில் ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த டிவியை, இங்கே படம் எடுக்காது என்று துணி போர்த்தி வைத்திருந்தோம். போன வாரம் சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மீன்பிடிக்கிற வீடுகள். ஒரு வீட்டுக் கூரைமேல் மூங்கிலைக் கட்டி, அதில் ஆண்டெனா வைத்து சிலோன் டிவி பார்க்கிறார்கள். மறுநாளே ஒரு ஆண்டெனா வாங்கிவரச் செய்து நானும் கட்டிவிட்டேன். வெறும் புள்ளிதான். அரிசி புடைக்கும்போது பறக்கிற குருணை மாதிரி.

நீ பதினெட்டு வருஷம் ரேடியோக் கடை வைத்திருந்தவன். எப்படிக் கட்டவேண்டும், எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று விவரமாக எழுது. ஒரு வியாழன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். அதற்குமேல் உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன்.

குஞ்சுவுக்கு என் ஆசீர்வாதம் சொல்லு.

அக்கா
நீலாயதாட்சி


கண்டி
27-11-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குச் சளி தேவலை. அத்தானின் கண் பார்வை முன்னைவிட மங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தாய், டாக்டரிடம் காட்டினீர்களா?

நீ ஆண்டெனா கட்டுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒளிபரப்புகிற மலைக்கும் உங்கள் ஊருக்கும் இருநூற்றைம்பது மைல் இருக்கும். கடற்கரையில் எடுக்கிறது என்றால் உள்ளே எடுக்கவேண்டும் என்பதில்லை. அதிலும் மழைக்காலம். விட்டுவிடு அக்கா. மனம் கேட்காவிட்டால் ஆண்டெனாவை நேர் கிழக்கே திருப்பிப் பார்.

வயல் வழக்கு என்ன ஆயிற்று? அப்பா உனக்குச் சீராகக் கொடுத்த நிலம். விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

குஞ்சு நலம். உன்னைக் கேட்டான்.

தம்பி
செல்லத்துரை


பூவாணிக்காடு
16-12-1983

பிள்ளையார் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது. மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் பனியில் நிற்காதே, காதை மூடிக்கொள்.

நேர் கிழக்கே திருப்பினேன். இருந்த புள்ளியும் போய்விட்டது. தினமும் ஆண்டெனாவை எந்தப் பக்கம் வைத்தேன், காற்று எப்படி, என்ன தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அக்கினி மூலையிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி நிறுத்தினால்தான் ஏதோ அசைகிறது. நீ அங்கிருந்துகொண்டு யோசித்ததில் திசை மாறியிருக்கும்.

தம்பி, நேற்று வியாழக்கிழமை அவனைப் பார்த்துவிட்டேன். நாலு நிமிஷம். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடது ஓரத்தில் மிருதங்கம். முகம் பிடிபடவில்லை, கண் மூக்கெல்லாம் புள்ளி. ஆனால் வாசிக்கும்போது கழுத்தை வலப்பக்கம் சாய்க்கிறான். குஞ்சு அப்படித்தான் சாய்ப்பான். டிவியில் கை வைத்தேன், விரல் நுனியில் சுரீரென்றது. அத்தானைக் கூப்பிட்டேன். அவர் கட்டவிழ்த்துக்கொண்ட மாட்டைத் தேடிப் போயிருந்தார். வருவதற்குள் கரண்டு இறங்கிப் படம் சுருங்கிவிட்டது.

தோள் மெலிந்த மாதிரி இருந்தது. சரியாகச் சாப்பிடுகிறானா?

வழக்கை மாசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். நீங்கள் இருபது வருஷம் அக்கரையில் இருந்தீர்கள், உழுதவன் நான், குத்தகைப் பதிவில் என் பெயர் இருக்கிறது என்று குத்தகைக்காரன் ரெத்தினம் நிற்கிறான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேட்டுத் திடல் மட்டும்தான் பதிவில் இல்லை. அதிலும் அவன் வைக்கோல்போர்தான் நிற்கிறது.

படம் இன்னும் தெளிய என்ன செய்யவேண்டும் என்று எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா


கண்டி
27-12-1983

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

படம் தெளியவேண்டுமானால் மூங்கிலை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போடு. ஆண்டெனாக் குச்சிகளைப் படுக்கையாக வைக்காதே, நெட்டுக்குத்தாக நிறுத்து. பட்டை ஒயரைக் காற்றில் ஆடவிடாமல் குழாயோடு ஒட்டி இறுகக் கட்டு.

தோள் மெலியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான்.

செல்லத்துரை


பூவாணிக்காடு
27-1-1984

பிள்ளையார் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. நீ அங்கே ஒரு பானையாவது வைத்தாயா?

நீ சொன்னபடி குழாய் போட்டு, குச்சியை நிறுத்தி, ஒயரை இறுகக் கட்டினேன். மூன்று வியாழன் போய்விட்டது. நோட்டில் மூன்று வரியிலும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். மூங்கிலில் தெரிந்த அளவுகூட இல்லை. என் கைக்குத்தான் பக்குவம் போதவில்லை என்று நினைக்கிறேன். பொட்டலத் தாளைப் பார்த்து எழுத்துக் கற்றவளுக்கு இதெல்லாம் ஒருவர் கூட இருந்து காட்டினால்தான் வரும்.

வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கிறதே, அதுதான் மறைக்கிறதா? நாலு மரத்தை வெட்டலாமா என்றேன். ‘காய்க்கிற மரத்தை வெட்டி வானத்தைப் பார்க்கப்போறியா’ என்கிறார் அத்தான்.

குஞ்சுவிடம் ஒன்று சொல்லு. வாசித்து முடித்ததும் ஒரு தடவை தலையைத் தூக்கி நேராகப் பார்க்கச் சொல்லு. எதற்கென்று சொல்லவேண்டாம், கூச்சப்படுவான்.

மரம்தானா என்று எழுது. உன் பதிலுக்காகத் தபால்காரர் வருகிற வழியில் நிற்கிறேன்.

அக்கா


கண்டி
15-2-1984

அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை.

மரம்தான். நாலு மரம் வெட்டினால் போதாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறுபதடிக் கம்பம் வேண்டும். சுற்றிலும் ஐம்பது கஜத்துக்கு மரமில்லாத வெட்டவெளி வேண்டும். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டவேண்டும். அப்படி இல்லாமல் உங்கள் ஊரில் தெரியாது. உன் கொல்லையில் அது நடக்காத காரியம்.

ஆகவே விட்டுவிடு. டிவியைக் கொடுத்துவிட்டு ஒரு கறவை மாடு வாங்கிக்கொள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

செல்லத்துரை


பூவாணிக்காடு
5-3-1984

பிள்ளையார் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது. உனக்கு உடம்புக்கு என்ன என்று எழுதாமல் விட்டுவிட்டாயே. கஷாயம் வைத்துக் குடி.

வெட்டவெளி நமக்கு ஒன்று இருக்கிறது. அந்தத் திடல்தான். வீட்டிலிருந்து அறுபது கஜம், சுற்றிலும் வயல். போன வாரம் ரெத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி அம்சம் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“கம்பந்தானேம்மா, நட்டுக்கிட்டுப் போங்க” என்றாள்.

ரெத்தினம் உள்ளேயிருந்து வந்தான். “நீ சும்மா இருடி. இன்னைக்குக் கம்பம் நடுவாங்க. நாளைக்குத் தாசில்தார் வந்து யாரு கம்பம்னு கேப்பாரு. அவங்க கம்பம்னா எடமும் அவங்க அனுபவம்னு எழுதிட்டுப் போயிருவாரு.”

“டிவி கம்பத்துக்கெல்லாம் யாருப்பா அனுபவம் எழுதுறா?” என்றேன்.

“போன வருசம் கீழத்தெருவுல மாடு கட்டுற முளைக்குச்சியக் காட்டி அனுபவம்னு எழுதிட்டாங்கம்மா. மாட்டு முளை எம்மாம் ஒசரம்? உங்க கம்பம் அறுபதடி.”

அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

“அப்ப என்னதான் செய்யச் சொல்றே?”

“வயலும் திடலும் ரெத்தினம் சாகுபடிதான், எனக்கு அதுல வழக்கு இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்பறம் நீங்க நூறடி நட்டாலும் குழி நான் வெட்டித் தாறேன்.”

“பெத்த பிள்ளை முகத்தைப் பார்க்கிறதுக்கு நிலத்தைக் கேக்கிறியே ரெத்தினம்.”

“நான் எங்கம்மா கேக்கிறேன்? கோர்ட்டுல நீங்கதான் கேக்கிறீங்க. நான் இருக்கிற எடத்துல இருக்கேன்.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. மூன்று நாள் தூங்கவில்லை. பேராவூரணிப் பிள்ளையார் சன்னதியில் சிவப்பும் வெள்ளையும் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். எழுதிக்கொடுக்கலாம் என்றால் வெள்ளை வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைதான் வந்தது. பட்டா என் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் என்னுடையதுதான். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அத்தான் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். உனக்கும் வருத்தமாக இருக்கும், அப்பா கொடுத்தது. அவர் இருந்தால் பேரனைப் பார்க்க அவரும் இதைத்தான் செய்திருப்பார்.

கூத்தாநல்லூரிலிருந்து மீரா சாகிப் என்று ஒருவர் வந்து கட்டித்தருகிறார். சிங்கப்பூரில் இதே வேலை பார்த்தவராம். வருகிற திங்கட்கிழமை கம்பம் நடுகிறோம். வியாழன் பார்த்துவிடுவேன். உன் புண்ணியம்தான்.

அக்கா
நீலாயதாட்சி


கண்டி
16-3-1984

அக்கா,

கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. தபாலாபீசில் நின்றே எழுதுகிறேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிவிடு. ரெத்தினம் காலில் விழுந்தாவது வாங்கு. கம்பம் நடாதே, நட்டிருந்தால் இறக்கிவிடு. காரணத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதுவரை டிவியைத் திறக்காதே.

செல்லத்துரை


பூவாணிக்காடு
16-3-1984

தம்பி செல்லத்துரைக்கு,

மீரா சாகிப் திங்கட்கிழமை வந்தார். சொன்ன மாதிரி குழி ரெத்தினம்தான் வெட்டினான். கொல்லையில் நின்ற என் பழைய ஆண்டெனாவை இறக்கிப் பார்த்துவிட்டு சாகிப், “யாரும்மா இதைக் கட்டுனது?” என்று கேட்டார்.

“நான்தாங்க.”

“யாரு சொல்லிக் கட்டுனீங்க?”

“என் தம்பி. அக்கரையில ரேடியோக் கடை வச்சிருந்தவன்.”

“குச்சிய நிக்க வச்சா சிலோன் எப்படிம்மா வரும்? ஒயர இரும்போட ஒட்டிக் கட்டினா வர்றதும் செத்துப்போகும்ல?”

“முதல்ல நேர் கிழக்கே வைக்கச் சொன்னான்.”

“நேர் கிழக்க கோடியக்கரைதான் இருக்கு” என்று சிரித்தார். “தெரியாதவன் ஒரு தப்பு பண்ணுவான், ரெண்டு தப்பு பண்ணுவான். மூணையும் இவ்வளவு சரியாத் தப்பாச் சொல்லணும்னா தொழில் தெரிஞ்சிருக்கணும்மா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் தம்பியப் பத்தி அப்படிப் பேசாதீங்க” என்றேன். அவர் குச்சிகளைப் படுக்கையாகத் திருப்பிக் கட்டத் தொடங்கினார்.

நேற்று வியாழன். ஆறு மணிக்கே விளக்கேற்றி உட்கார்ந்தேன். கூப்பிடாமலே அத்தானும் வந்து உட்கார்ந்தார். படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. சட்டைப் பித்தானை எண்ணலாம்.

நாலு பேர். இடது ஓரத்தில் மிருதங்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்னந்தலை வழுக்கை, காதில் கடுக்கன். அவரும் கழுத்தை வலப்பக்கம் சாய்த்துத்தான் வாசிக்கிறார். டிசம்பரில் நான் பார்த்ததும் அவரைத்தான்.

அத்தானுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, நாலடிக்கு அப்பால் உருவம்தான் தெரியும். “குஞ்சு எங்க உட்கார்ந்திருக்கான்?” என்று கேட்டார்.

“இடது ஓரத்துலங்க.”

“கொஞ்சம் பெருத்துட்டானே.”

“ஆமாங்க.”

“நிலம் போனாப் போகுது போ” என்றார். பத்து நாளுக்கப்புறம் நேற்றுதான் என்னோடு பேசினார்.

தம்பி, நான் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் நான் எழுதிவைத்ததை எனக்கு வாசிக்கத் தெரியும். நீ எதை எந்தத் தேதியில் எழுதினாய், அதன்படி செய்ததும் என்ன ஆயிற்று என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. ராத்திரி முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இது உனக்குத் தெரியாத தொழில் இல்லை.

குஞ்சு எங்கே?

அக்கா


கண்டி
2-4-1984

அக்காவுக்கு,

உன்னை நலம் கேட்க எனக்கு முகமில்லை.

ஜூலை 25, திங்கட்கிழமை. முந்தின ராத்திரி ஊரில் ஏதோ கலாட்டா என்று மட்டும் தெரியும். எங்கள் தெருவுக்கு வராது என்று நினைத்தேன். ரிப்பேருக்கு வந்த ஊரார் சாமான் கடையில் இருந்தது. போய் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வா என்று குஞ்சுவை அனுப்பினேன். மணி பத்து இருக்கும். ‘பூட்டிட்டு வந்து சாப்பிடுறேன் மாமா’ என்று சொல்லிவிட்டுப் போனான். பதினொரு மணிக்குத் தெரு எரிந்தது.

மூன்று நாள் கழித்துத்தான் என்னால் அங்கே போக முடிந்தது. கடை இருந்த இடத்தில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் பார்த்தேன். முகாம்களில் எல்லாப் பட்டியலும் பார்த்தேன். அவன் பெயர் இல்லை. பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஆவணியில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். முகாமில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். பக்திப் பாட்டு ஓடியது, ஒருவர் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். என் கை அப்படி எழுதிவிட்டது. உங்கள் ஊருக்கு அது எட்டாது என்று நம்பினேன். எட்டிவிடும்போல இருந்தபோது தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். அறுபதடி என்று எழுதியது நீ கைவிட்டுவிடுவாய் என்றுதான். நிலத்தைக் கொடுப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

செல்லத்துரை


பூவாணிக்காடு
13-4-1984

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இன்று சித்திரை பிறந்தது. வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். அத்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. பஞ்சாங்கம் எடுத்துப் பார்த்தேன். ஆடி ஒன்பது, பௌர்ணமிக்கு மறுநாள், பிரதமை. யாருக்கென்று சொல்லாமல் குருக்களிடம் கேட்டேன். போனதைப் பார்த்தவர் இல்லையென்றால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கவேண்டும், அதற்கப்புறம்தான் காரியம் செய்யலாம் என்றார். ஆகவே அவனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைக்கவும் எனக்கு வழியில்லை. கோயிலுக்குப் போகிறேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் விளக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அவன் சாப்பிடாமல் போனான் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

தாளைத் திரும்ப வாங்கச் சொன்னாய். கேட்கமாட்டேன். ரெத்தினம் சொன்ன சொல்படி நடந்துகொண்டான். காற்றுக்குக் கம்பி தளர்ந்தால் அவனே வந்து இழுத்துக் கட்டுகிறான்.

அத்தான் இப்போது வியாழன் என்றால் குளித்து விபூதி பூசி ஐந்தரைக்கே உட்கார்ந்துவிடுகிறார். ரெத்தினத்தையும் அம்சத்தையும் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். அவர்கள் குஞ்சுவைப் பார்த்தது கிடையாது. போன வாரம் அம்சம், “தம்பிக்கு முன்னாடி வழுக்கை விழுந்துருச்சேம்மா” என்றாள். “அவங்க தாத்தாவுக்கும் அப்படித்தான்” என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். நான் எழுந்துபோய் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

பேராவூரணியில் கண் முகாம் வைத்திருக்கிறார்கள். கத்தி என்றால் பயந்து இத்தனை வருஷம் போகாத மனுஷர், தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். “உருவம் மட்டும் தெரிஞ்சாப் போதுமா, பிள்ளை முகம் தெரிய வேணாமா?” என்கிறார். 24ஆம் தேதி ஆபரேஷன். நான் தடுத்துப் பார்த்தேன். கோடைவெயில், புண் ஆறாது, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஆடி கழியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் கடிதங்களைப் படிக்கிற மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டேன்.

உன்மேல் கோபமா என்றால், எனக்குத் தெரியவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். ராமேசுவரத்துக்குக் கப்பல் இன்னும் ஓடுகிறது. நீ புறப்பட்டு வா. அவரிடம் நான் சொல்லமாட்டேன், எனக்கு வாய் வராது. அன்றைக்கு அனுப்பியவன் நீ, நீதான் சொல்லவேண்டும். வழியில் கண்டதைச் சாப்பிடாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு மாதம் கண்ணுக்குக் கறுப்புத் துணி மறைப்பு. மே 30ஆம் தேதி புதன்கிழமை கண்ணாடி கொடுக்கிறார்கள். மறுநாள் வியாழன்.

அக்கா
நீலாயதாட்சி